சீனி டப்பாவில் இருந்தது

கேசரியை ஒற்றை விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். வைத்ததுமே கரைந்து தொண்டை வரைக்கும் வெதுவெதுவென்று இறங்குகிறது. இது சீனி, நெசமான சீனி, மூணு மாசமாக என் நாக்கு மறந்துபோன சீனி. எங்கள் வீட்டில் இருக்கிறது இப்படிக் கரையாது. அது நாக்கில் பட்டால் முதலில் ஒரு குளிர்ச்சி கிளம்பும், அப்புறம் இனிப்பு வரும், எல்லாம் போன பிறகும் சாவியை நக்கினது மாதிரி ஒன்று நாக்கின் அடியில் நிற்கும், கொப்பளித்தாலும் போகாது. இதையெல்லாம் நான் சும்மாதான் நினைத்தேன், கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து ருசி பார்க்கிறவள் நினைக்கிற மாதிரி. நினைத்துக்கொண்டிருக்கும்போதே விரல் இலையில் நின்றுபோனது. வீட்டில் சீனி டப்பாவில் இருப்பது சீனி இல்லை. அவர் அங்கே தனியாக இருக்கிறார். அவருக்கு அது தெரியாது. பரிமாறுகிறவர் வந்து கூட்டு வைக்கிறார், பொரியல் வைக்கிறார், அவியல் வைக்கிறார், போதும் என்று கையைக் காட்டக்கூட எனக்குத் தோன்றவில்லை, இலை நிறைந்துகொண்டே போகிறது. மேடைக்கு மேலே கடிகாரத்தில் மணி பத்து ஐம்பது. பத்து இருபதுக்கு ஒரு போன் வந்திருக்கிறது, அவரிடமிருந்து. கெட்டிமேளம் கொட்டுகிற நேரம், காதில் விழவில்லை, தாலி கட்டி முடிந்து பார்த்தால் அவர் பேர் நிற்கிறது. திருப்பிக் கூப்பிடலாம் என்று கண்ணாடியைத் தேடுகிறேன், அதற்குள் மதினி சண்முகவடிவு, என் மகளுடைய மாமியார், வந்து கையைப் பிடித்துவிட்டாள். “மொதப் பந்தி, சம்பந்தி உக்காராம எப்படி, வாங்க மதினி, மாப்பிள்ளை வீட்டாளுகளோட சமமா உக்காருங்க.” போனை என் மகள் அரசி வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். டிவி ரிமோட்டைக் காணோம் என்று கேட்கத்தான் கூப்பிட்டிருப்பார் என்று நானும் வந்து உட்கார்ந்துவிட்டேன். அவர் போனே பண்ணமாட்டார். கல்யாணமாகி நாற்பத்தோரு வருசத்தில் அவராகப் போன் பண்ணினது ஒரு கை விரலுக்குள் அடங்கும். ரிமோட்டுக்காகவா பண்ணுவார்.

காலையில் ஏழரைக்கு, அவர் சர்க்கரை ஊசி போடுகிற நேரம், நான் கூப்பிட்டேன். “ஊசி போட்டாச்சா?” “போட்டாச்சுட்டி.” “இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்கு, ஒடனே சாப்பிட்டுருங்க, ஊசியப் போட்டுட்டுச் சும்மா இருக்கக் கூடாது.” “தின்னுக்கிடுதேன், நீ போய் கல்யாணத்தப் பாரு.” தின்னுக்கிடுதேன் என்றால் தின்றாச்சு என்று அர்த்தமில்லை. ஹாட்பாக்ஸ் இட்லி அவருக்குப் பிடிக்காது, வேர்த்துப்போய்க் கிடக்கும், பொணத்து முகம் மாதிரி இருக்கு என்பார். தொடாமலே மூடி வைத்திருப்பார். நான் இருந்தால் பக்கத்தில் நின்று தின்ன வைத்திருப்பேன். வெள்ளனே நாலு மணிக்கு எழுந்து அவித்து வைத்துவிட்டு வேன் ஏறியது தப்பு. அவர் காலில் கட்டு இருக்கிறது, பெருவிரலில் புண், செருப்புப் போடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், இல்லாவிட்டால் அவரையும் கூட்டி வந்திருப்பேன், இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து அவியலில் உப்பு இல்லை என்று சொல்லிக்கொண்டிருப்பார். போன வருசம் சித்திரையில் ஒருநாள் சாயங்காலம், கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சட்டைப் பித்தானை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். எங்கே கிளம்புகிறீர்கள் என்றேன். மில் கேட்டில் கூட்டம் இருக்கிறது, அரியநாயகம் பேசவேண்டும் என்கிறார். அரியநாயகம் அவர்தான். மில்லை மூடி ஒன்பது வருசம். முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டிருக்கிறது, நெற்றியில் முத்து முத்தாக வேர்வை, நாக்கு குளறுகிறது. ஊசி ஆரம்பித்த அன்றைக்கே ஆஸ்பத்திரி நர்சம்மா சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. “வேர்த்து, கை நடுங்கி, பேச்சு கொழறுச்சுன்னா மூணு ஸ்பூன் சீனிய தண்ணில கலக்கிக் குடுங்க. கால் மணி நேரத்துல சரியாகலைன்னா மறுபடியும் குடுங்க. யோசிச்சுக்கிட்டு நிக்காதீங்க.” ஓடிப்போய் டப்பாவோடு எடுத்து வந்து வாயில் அள்ளிப் போட்டேன். பத்து நிமிசம் கழித்து என்னை நிமிர்ந்து பார்த்து, “ஏட்டி பூரணம், எதுக்கு என் வாயில சீனிய அப்பிக்கிட்டு நிக்க?” என்றார். அன்றைக்கு அழுதுகொண்டே சிரித்தேன். அதற்குப் பிறகு ஆவணியில் ஒருதரம் வந்தது, அவரே போய் எடுத்துத் தின்று சரியாக்கிக்கொண்டார். அவருக்கு அது பழகிவிட்டது. வெளியே போனால் சட்டைப் பையில் மிட்டாய். வீட்டில் இருந்தால் எதற்கு மிட்டாய், டப்பாதான் இருக்கிறதே. மில்லில் இருபத்தைந்து வருசம் முடித்ததற்குக் கொடுத்த எவர்சில்வர் டப்பா, மூடியில் அவர் பேர் வெட்டியிருக்கும். கை நடுங்கினால் கண்ணை மூடிக்கொண்டு அந்த டப்பாவுக்குத்தான் போவார். போயிருப்பார். திறந்திருப்பார். மூணு ஸ்பூன்.

“மதினி, ஏன் ஒண்ணுந் தொடாம இருக்கீக?” சண்முகவடிவு வரிசையைப் பார்த்துக்கொண்டே வருகிறாள். “சாப்பிடுதேன் மதினி,” என்கிறேன். பொரியலை எடுத்து வாயில் போடுகிறேன். பீன்ஸா கோஸா தெரியவில்லை. நான் என்ன விசத்தையா வைத்தேன் அந்த டப்பாவில். அவர் நன்மைக்குத்தானே வைத்தேன். அவர்தான் கேட்கவில்லை. சீனியை விடுங்கள் என்றதற்குச் சரி விட்டுவிட்டேன் என்று கருப்பட்டிக்குப் போனார். கருப்பட்டி உடம்புக்கு நல்லது என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன், மூணு வேளையும் கருப்பட்டிக் காப்பி, பத்தாததற்கு ஒரு துண்டு கடித்துக்கொள்ள. பனமரம் எனக்குத் துரோகம் பண்ணாதுட்டி என்பார். ரெண்டு மாசம் கழித்து ரத்தத்தைப் பார்த்தால் முந்நூற்று நாற்பத்திரண்டு. டாக்டரம்மா தாளைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். “கருப்பட்டியும் சீனியும் வாய்க்குத்தான் வேற வேற. ரத்தத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான்.” ஊசி மருந்தைக் கூட்டினாள். அப்புறம் சீனித்துளசி என்று ஒரு செடி வாங்கி வந்து தொட்டியில் வைத்தேன், இலையைக் கிள்ளிக் காப்பியில் போட்டால், ஆட்டுக்கு வைக்கிறதை எனக்கு வைக்கிறாயா என்று தள்ளிவிட்டார். அப்போதுதான் அரசியின் வீட்டுக்காரர் இந்தப் பொட்டலத்தைக் கொண்டுவந்தார். பார்க்கச் சீனி மாதிரியே பரல் பரலாக இருக்கிறது. “அத்தை, இது ஒடம்புல ஒட்டாது. நாக்குக்கு மட்டும் இனிக்கும், அப்படியே வெளிய போயிரும்.” அரசி அந்தப் பக்கம் நின்று, சும்மா இருங்க, இதெல்லாம் பின்னாடி என்னத்தைக் கொண்டுவருமோ, வாட்ஸப்புல என்னென்னமோ வருது என்கிறாள். அட்டையில் பச்சை இலைப் படம் போட்டிருந்தது. இலைதானே, மூலிகைதானே என்று எனக்குத் தைரியம். எதிர்வீட்டு ஜெபமணி டீச்சரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவள் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்துவிட்டு, “இதுல செடியும் இருக்கு, பேக்டரியும் இருக்கு பூரணம். எது எவ்வளவுன்னு எனக்கே வெளங்கல,” என்றாள். இவர் அட்டையையே தொடவில்லை. “முப்பது வருசம் பஞ்சையும் சாயத்தையும் மூக்கு வழியா ஏத்தியாச்சு. இனி வாய் வழியாவும் கெமிக்கல் ஏத்தணுமா? அதக் குடிச்சிச் சாகறதுக்கு நான் சீனியத் தின்னே சாவேன்.” செத்துப்போங்கள் என்று நானும் சொன்னேன். ஏன் சொன்னேன். வாயில் அப்படி வந்தது. மறுநாள் அவர் சலூனுக்குப் போன நேரம் டப்பாவைக் காலி பண்ணி, கழுவி, வெயிலில் காயவைத்து, பொட்டலத்தைக் கொட்டி மூடினேன். திருட்டு வேலை இல்லை, வைத்தியம் என்று சொல்லிக்கொண்டேன். அவர் கண்டுபிடிக்கவில்லை. ஒரு வாரம் போனதும், “இந்த மாசச் சீனி சோகையா இருக்கே, ரெண்டு கரண்டி போட்டாலும் ஏறலையே,” என்றார். பேசாமல் இருந்தேன். ரேசன் கடைக்கே போய், அங்கே எடைபோடுகிற புள்ளையிடம், சீனியில் என்னத்தைக் கலக்கிறீர்கள் என்று ஒரு மூச்சுச் சண்டை போட்டுவிட்டு வந்தார். யூனியன் தொண்டையில்லையா, தெருவே கேட்டது. அப்போதும் பேசாமல் இருந்தேன். அடுத்த சோதனையில் நூற்று அறுபது வந்தது. மனக்கட்டுப்பாடுதான் காரணம் என்று டாக்டரம்மாவிடம் சொன்னார், நான் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கினேன். ஒட்டாது என்பதுதான் அதன் பெருமை. மூணு ஸ்பூன் இல்லை, டப்பாவையே கவிழ்த்து வாயில் கொட்டினாலும் ஒட்டாது. நாக்கு இனிக்கும், இனிக்கிறதே, சரியாகிவிடும் என்று அவர் உட்கார்ந்திருப்பார். உட்கார்ந்தே இருப்பார்.

சாதம் வருகிறது. பருப்பு வருகிறது, நெய் வருகிறது. பிசைகிறேன். இடுப்பில் சாவிக்கொத்து குத்துகிறது. பீரோ சாவி. நான் அவ்வளவுக்கு அறிவுகெட்டவள் இல்லை, யோசித்துத்தான் செய்தேன், அவருக்கு மயக்கம் வந்தால் கொடுக்கவேண்டுமே என்று அரைக்கிலோ நிஜச் சீனியைப் பொட்டலமாகக் கட்டி பீரோவில் என் முகூர்த்தப் பட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். வெளியே வைத்தால் மோப்பம் பிடித்துவிடுவார் என்று பூட்டி வைத்தேன். வந்தால் நான் இருக்கிறேன், எடுத்துக் கொடுப்பேன். நான் இருக்கிறேன், நான் இருக்கிறேன் என்றே எண்ணிக்கொண்டிருந்தேனே தவிர, நான் இல்லாத நாள் ஒன்று வரும் என்று இந்த மண்டைக்குள் ஏறவே இல்லை. மூணு மாசத்தில் ஒரு நாள் அவரை விட்டு நகரவில்லை. நகர்ந்த முதல் நாள் இது. அவர் கோவில்பட்டியில், சாவி சங்கரன்கோவிலில், என் இடுப்பில். எழுந்துவிடலாம். எழுந்தால் என்ன. இடப்பக்கம் மாப்பிள்ளையின் பெரியம்மா, வலப்பக்கம் சண்முகவடிவின் அக்கா, எல்லோரும் இப்போதுதான் சாதத்தில் கை வைத்திருக்கிறார்கள். வரிசையில் கடைசி ஆள் மோர் குடித்து இலையை மடக்குகிற வரைக்கும் ஒருத்தர் எழுந்திருக்கக்கூடாது. கல்யாணப் பந்தியில் பாதியில் எழுந்தால் அந்தக் கல்யாணத்தை வேண்டாம் என்று சொன்ன மாதிரி. அரசி கல்யாணத்தில் என் தம்பி பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று ரசத்தோடு எழுந்துவிட்டான். ஒன்பது வருசமாச்சு. இன்றைக்கும் அரசி ஒரு குழம்பில் உப்பைக் கூடப் போட்டால், “அதுக்கென்ன, ஒங்க மாமன் பந்தியில எந்திச்ச ஆளுதான,” என்று இந்தச் சண்முகவடிவு சொல்வாள். இப்போது நடப்பது அவள் சொந்த மகள் கல்யாணம். அதில் நான் எழுந்தால், நாளைக்கே அந்தப் பெண்ணுக்குப் புகுந்த வீட்டில் ஒரு தலைவலி வந்தால்கூட அது என் இலையிலிருந்து கிளம்பினதாகத்தான் இருக்கும், அரசி அதை அறுபது வயசு வரைக்கும் கேட்டுக்கொண்டிருப்பாள். இன்னும் இருபது நிமிசம். சாம்பார், ரசம், பாயசம், மோர். இருபது நிமிசத்தில் என்ன ஆகிவிடும். இட்லியைத் தின்றிருப்பார். ரிமோட்டுக்காகத்தான் கூப்பிட்டிருப்பார். கால் மணி நேரம் என்றாள் நர்சம்மா. பத்து இருபதிலிருந்து கணக்குப் பார்த்தால் அந்தக் கால் மணி நேரம் எப்போதோ போய்விட்டது. ஸ்டிரைக் பண்ணிப் பெரிய மில்லையே நிறுத்திக் காட்டின மனுசன், ஒரு டப்பாவை நம்பி உட்கார்ந்திருக்கிறார். சாம்பாரை ஊற்றுகிறார்கள், கையில் சூடு படுகிறது, நான் கையை எடுக்கவில்லை.

எழுந்துதான் என்ன சொல்வேன் போனில். அதுவும் தெரியவில்லை. டப்பாவில் இருப்பது சீனி இல்லை என்று சொன்னால், சரி, வேறு எதைத் தின்ன என்பார். எதைத் தின்பார். ஜெபமணி டீச்சர் வீடு பூட்டியிருக்கும், ஞாயிற்றுக்கிழமை, வேதக்கோயிலில் பாட்டுப் பாடிக்கொண்டிருப்பாள். கடைக்குப் போக அந்தக் காலோடு முடியாது. வீட்டுக்குள்ளேயே தேடுகிறேன், இங்கே உட்கார்ந்தபடி ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து பார்க்கிறேன். கருப்பட்டி, கடைசித் துண்டு வரைக்கும் வேலைக்காரிக்குக் கொடுத்தாச்சு. தேன் பாட்டிலைக் கழுவி மிளகு போட்டு வைத்திருக்கிறேன். வாழைப்பழம் வாங்குவதே இல்லை. சட்டைப் பை மிட்டாயும் தீர்ந்துபோனது, காலில் கட்டுப் போட்டதிலிருந்து வெளியே போகாததால் வேறு வாங்கவில்லை. குளுக்கோஸ் பொட்டலம் ஈரம் பட்டுக் கல்லாகிவிட்டது என்று போன மாசம் தூர எறிந்தேன், வேறு வாங்கவேண்டும் வாங்கவேண்டும் என்று மூணு தரம் கடைக்குப் போய் மூணு தரமும் மறந்தேன். பிஸ்கட்டும் சீனி இல்லாத பிஸ்கட். ஒரு ஈ வந்து உட்கார இடமில்லாமல் அந்த வீட்டைத் துடைத்து வைத்திருக்கிறேன். நல்லது பண்ணுகிறேன் என்று ஒவ்வொன்றாகத் துடைத்தேன். கண்ணை மூடிக்கொண்டால் அவர் சட்டைப் பித்தானை மாற்றிப் போடுகிறார். கண்ணைத் திறந்தால் எதிரே மண்டப வாசல் தெரிகிறது, வரவேற்கிற மேசை, அரைத்த சந்தனம், பன்னீர்ச் சொம்பு, தட்டு நிறையக் கல்கண்டு, யாரோ ஒரு பெண்பிள்ளை வருகிறவர்களுக்கெல்லாம் நீட்டிக்கொண்டிருக்கிறாள். நானும் காலையில் ஒன்று எடுத்து, வாயில் போடாமல் முந்தானையில் முடிந்துகொண்டேன். கல்கண்டு. வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது கிண்ணத்தில் புதுசாகப் போட்டேனே. அடுப்படி மூலையில் சாமி அலமாரி, முருகன் படத்துக்கு முன்னால் பித்தளைக் கிண்ணம். வீட்டில் இருந்த இனிப்பையெல்லாம் துடைத்தவள் சாமி கிண்ணத்தை மட்டும் தொடவில்லை, அதை இனிப்பு என்றே நான் எண்ணவில்லை. அவரும் எண்ணமாட்டார். பதினெட்டு வயசில் சாமியை விட்டவர், நாற்பத்தோரு வருசத்தில் அந்த அலமாரிப் பக்கம் கையைக் கொண்டுபோனதில்லை. பல்லி விழுந்து கிடந்தால்கூட, ஒன் டிபார்ட்மெண்ட் என்று என்னைத்தான் கூப்பிடுவார். டப்பாவுக்கும் அந்தக் கிண்ணத்துக்கும் நடுவில் ஒரு முழத் தூரம் இருக்காது. சொன்னால் தவிர எடுக்கமாட்டார். எழுந்துவிட்டேன்.

வரிசையில் எல்லாக் கையும் நின்றது. மாப்பிள்ளையின் பெரியம்மா சாம்பார்ச் சாதத்தோடு நிமிர்ந்து பார்க்கிறாள். “என்ன மதினி,” என்று சண்முகவடிவு வருகிறாள், குரல் தாழ்வாகத்தான் இருக்கிறது, முகம் அப்படி இல்லை, “சாதம் விழுந்த எலைய விட்டு எந்திக்கீக?” பாயச வாளி பக்கத்தில் அரசி நிற்கிறாள், என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறுகிறது. “அம்மா, பந்தியில...” “போனக் குடு.” “அம்மா, எல்லாரும் பாக்காங்க.” “ஒங்க அப்பாவுக்குட்டி. போனக் குடு.” எச்சில் கையை ஒதுக்கி இடக்கையில் வாங்குகிறேன். அவளே பொத்தானை அமுக்கினாள். மணி அடிக்கிறது, அடித்துக்கொண்டே இருக்கிறது, நின்றுபோனது. மறுபடி அமுக்கினாள். அடிக்கிறது. பாதி மணியில் ஏதோ உரசுகிற சத்தம், டம்ளர் ஒன்று தரையில் உருண்டு சுவரில் முட்டுகிற சத்தம்.

“யாரு?”

“நாந்தான்.”

“எந்த நான்?”

நாக்கு குளறுகிறது. “பூரணம். சாப்பிட்டீங்களா?”

“தின்னேன். டப்பாலேர்ந்து... ரெண்டு வாட்டி தின்னேன். இனிக்கி. வேர்வ நிக்கல. மில்லு ஜீப்பு வரலையே இன்னும்.”

“இங்க பாருங்க. அது சீனி இல்ல. சொல்றதக் கேளுங்க, அது சீனி இல்ல. எந்திங்க. அடுப்படி மூலைக்குப் போங்க.” மூச்சு மட்டும் கேட்கிறது. “போறீங்களா? செவத்தப் பிடிச்சிக்கிட்டுப் போங்க. சாமி அலமாரி. முருகன் முன்னால பித்தளைக் கிண்ணம்.”

“அது ஒஞ் சாமில்லா.”

“சாமி ஒண்ணுஞ் சொல்லாது. எடுங்க. அதுல கல்கண்டு இருக்கு.”

கட்டுப் போட்ட கால் தரையில் இழுபடுவது கேட்கிறது, ஒரு இழுவை, நின்று, இன்னொரு இழுவை. எங்கள் வீட்டு நீளம் எனக்குத் தெரியும், கட்டிலிலிருந்து அடுப்படிக்குப் பதினாலு அடி, இன்றைக்கு அது முடியவே மாட்டேன் என்கிறது. பூசைமணி விழுந்தது. சின்ன மணி, அதன் சத்தம் எனக்குத் தெரியும். மணிதான் விழுந்தது, அவர் விழவில்லை, அவர் விழுந்தால் வேறு சத்தம் வரும். மூச்சு. கிண்ணம் நகர்கிற சத்தம். அப்புறம் கடித்தார். பல்லுக்கு நடுவில் கல்கண்டு உடைகிற சத்தம், நாற்பத்தோரு வருசத்தில் இவ்வளவு நல்ல சத்தம் அந்த வாயிலிருந்து நான் கேட்டதில்லை. “இன்னொண்ணு,” என்கிறேன். உடைகிறது. “இன்னொண்ணு. உக்காந்துக்கோங்க. தரையிலயே உக்காருங்க. இன்னொண்ணு.” போனை வைக்கவில்லை. காதில் போனும் கையில் காய்ந்த சாதமுமாக நிற்கிறேன். முதுகுக்குப் பின்னால் சண்முகவடிவு நிற்கிறது தெரிகிறது, பட்டுச்சேலை உரசுகிறது. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. இலை எடுக்கிற ஆள் வாளியோடு என் இடத்தில் குனிகிறான். “அந்த எலைய எடுக்காத,” என்கிறாள் அவள், “வருவாக.” வேறு ஒன்றும் சொல்லவில்லை. நாளைக்கு என்ன சொல்வாளோ தெரியாது. பந்தியில் பாயசம் வந்துவிட்டது, உறிஞ்சுகிற சத்தம் வரிசையாகக் கேட்கிறது. கடிகாரத்தைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. அந்தப் பக்கம் நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

“ஏட்டி.”

“சொல்லுங்க.”

“நான் எதுக்கு அடுப்படியில உக்காந்திருக்கேன்?”

“கல்கண்டு தின்னீங்க.”

கிண்ணத்துக்குள் விரல் துழாவுகிற சத்தம். இன்னொன்று உடைந்தது. மென்று, விழுங்கி, அதற்குப் பிறகு மெதுவாக, ஒரு எழுத்துக்கூடக் குளறாமல் கேட்டார்.

“அந்த டப்பால எத்தன நாளா?”

“மூணு மாசம்.”

“மூணு மாசமா,” என்றார். அப்புறம், “அந்த ரேசன் கடைப் புள்ளைய நான் அன்னைக்கு அந்தப் பேச்சு பேசினேனேட்டி,” என்றார்.